மூச்சு வாங்குகிறவரை உட்கார வைத்துவிடாதீர்கள்

(பொன்விழா மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



என் தப்பு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் அத்தா புக்கிட் ரோத்தானில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். அடுப்புப் புகை பாதி, சிகரெட் பாதி. 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவித்தார்களே, அந்த வாரம்தான் அவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. என்றார்கள். வீட்டுக்கு வந்ததும், "நீங்க எந்திரிக்காதீங்க அத்தா" என்று நாற்காலியில் உட்கார வைத்தேன். தண்ணீர் கையில், சாப்பாடு மடியில். ஒரே வருடத்தில் குளியலறைக்கு நடக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. பிசியோதெரபி படித்த பிறகுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது.

உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்துப்போகும். இளைத்த கால் நாலு எட்டு வைப்பதற்குள் களைக்கும். அந்தக் களைப்பு மூச்சை இன்னும் வாங்க வைக்கும். பயந்து மறுபடி உட்காருவோம். இந்த வட்டத்தை உடைப்பதுதான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. பெரும்பாலும் 6 முதல் 8 வாரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சின்ன எடை தூக்குவது, இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சக் கற்பது, அவ்வளவுதான். கெட்ட நுரையீரல் இதனால் புதிதாகிவிடாது. ஊதிப் பார்க்கும் கருவியில் எண் பெரிதாக ஏறாது. ஆனால் 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடும். கடைக்குப் போய் வரலாம், பேரனைத் தூக்கலாம்.

இப்போது என்னோடு செய்யுங்கள். மூக்கால் மெதுவாக இழுங்கள். உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுகிற மாதிரி, இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் சிரமம். பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. குவித்த உதடு சிறு மூச்சுக்குழாய்களை மூடாமல் பிடித்துக்கொள்ளும். படி ஏறும்போதும் ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுங்கள். ஒலு செய்ய ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் என்ன?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. லயத்து வீட்டில் ரப்பர் விறகு எரித்துச் சமைத்த கை உங்கள் கை. சிகரெட் தொடாதவருக்கும் இந்த நோய் வரும். வயதாகிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள், அரசு கிளினிக்கில் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். தஞ்சோங் காராங் பக்கம் வைக்கோல் எரிக்கும் நாட்களில் நடையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலமானாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி கூடி நிறம் மாறினால் டாக்டரைப் பாருங்கள்.

ஈஜோக்கிலிருந்தும் பெஸ்தாரி ஜெயா தோட்டங்களிலிருந்தும் வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு வர வண்டி ஏது? பாதிப் பேர் பயிற்சியை விடுவது அதனால்தான். நிர்வாகத்தினரிடம் கேட்கிறேன்: இந்த மண்டபம் வாரநாள் காலையில் பூட்டிக் கிடக்கிறது. நாற்காலி இருக்கிறது, நிழல் இருக்கிறது, நடக்க நீளமும் இருக்கிறது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னவர்களுக்கு நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன். சாவியை யாரிடம் வாங்கிக்கொள்வது?