சுவைக்கும் நாவும் பறிக்கும் கையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஜெர்மனி நாட்டில் ரைன், மோசல் ஆறுகளின் கரைகளிலே செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. வெளியூரார் அங்கே வழிகாட்டியுடன் சென்று, கொடியைக் கண்டு, நிலவறையைக் கண்டு, பின்னர் ஒவ்வொரு மதுவையும் ஒரு மிடறு சுவைத்து அதன் குணம் கூறுவதை ஓர் இன்பச் சுற்றுலாவாகக் கொண்டுள்ளனர். மதுவின் புகழ் பாட வந்தேனோ என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டா! அதே கலை, மயக்கம் தராத ஒரு பானத்தின் பொருட்டு, நாம் வாழும் கொல்கத்தாவிலேயே நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அதுவே தேயிலையின் சுவை காணும் கலை. காப்பி மணம் கமழும் இல்லங்களிலிருந்து வந்திருக்கும் தாங்கள், சிறிது நேரம் தேநீருக்காகச் செவி சாய்க்க வேண்டுகிறேன்.

இந்தியாவின் முதல் தேயிலை ஏலம் 1861ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் இந்நகரிலேதான் நடைபெற்றது. ஏலத்துக்குப் பேர்பெற்ற கட்டடத்தின் பெயர் நீல்ஹாட் மாளிகை. ‘நீல்’ என்பது அவுரிச் சாயம். ‘ஹாட்’ என்பது சந்தை. அவுரி விற்ற வணிகர் பின்னர்த் தேயிலை விற்கலாயினர். பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. 1892இல் திறக்கப்பெற்ற நம் கிடர்பூர்த் துறையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கடல் கடந்து சென்றன. இன்று ஏலம் கணினி வழியே நடைபெறுகிறது. ஆயினும் விலையை மதிப்பிடுவதற்கு முன்னர் மனித நாவே தேயிலையைச் சோதிக்கிறது.

அச்சோதனை நடைபெறும் முறையைக் கூறுகிறேன். நீண்ட மேசை மீது வெண்பீங்கான் குவளைகள் வரிசையாக நிற்கும். பன்னாட்டு அளவுப்படி 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, மூடி, 6 நிமிடம் ஊறவிடுவர். சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைப்பர். சுவைஞர் முதலில் உலர்ந்த இலையைக் காண்பார். அடுத்து ஊறிய இலையை முகர்வார். பின்னர் ஒரு கரண்டிச் சாற்றைப் பெரும் ஓசையுடன் உறிஞ்சுவார். நம் வீட்டில் குழந்தை அவ்வாறு உறிஞ்சினால் அதட்டுவோம்! அங்கே அது தொழில் முறை. காற்றுடன் கலந்து உள்ளே செல்லும்போதுதான் மணம் மூக்கின் உட்புறத்தை எட்டும். சுவை அறிந்தவுடன் சாற்றைத் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சோதிப்போரும் உளர்.

சரக்குச் சீட்டு எழுதும் எம்போன்றோர்க்கு ஒரு பெட்டியின் எடை தெரியும். அது போய்ச் சேரும் ஊர் தெரியும். அதனுள் இருக்கும் குணத்தை எழுதச் சீட்டிலே இடமில்லை. அதை அறிந்தவர் சுவைஞரே.

டார்ஜிலிங்கில் தோட்டம் காண வருவோர்க்கும் இவ்வாறு சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பை அளிக்கும் தோட்டங்கள் உள்ளன. இலையை வாட்டுதல், உருட்டுதல், பதமாகச் சிவக்க விடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் ஆகிய ஐந்தையும் அங்கே வரிசையாகக் காணலாம். மே, ஜூன் மாதங்களில் வரும் இரண்டாம் பறிப்புத் தேயிலைக்கு ‘மஸ்கடெல்’ என்னும் சிறப்பு மணம் உண்டு. மஸ்கட் என்ற திராட்சையின் பெயரால் வந்த சொல் அது. சிறு தத்துப்பூச்சிகள் இளங்கொழுந்தைக் கடிக்க, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே அம் மணத்துக்குப் பெரிதும் காரணமாகின்றன. ஜெர்மனியின் யோகனிஸ்பெர்க் தோட்டத்தில் 1775இல் அறுவடைக்கு அனுமதி கொணரும் தூதன் காலந்தாழ்த்தி வந்தானாம். அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிட்ட திராட்சையிலிருந்து சிறந்த மது கிடைத்தது என்பர். காயம்பட்ட இலையும் கனியும் மணம் பெறுவது இயற்கையின் விந்தை!

அன்பர்களே! செடிக்கு நேர்ந்த காயத்தை நாவு அறிகிறது. பறித்த கைக்கு நேர்ந்ததை அது அறிகிறதா? இதுவே நான் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கையினால் கிள்ளிய பச்சைக் கொழுந்து நான்கு கிலோவுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். டார்ஜிலிங்கில் அக் கைகள் பெரும்பாலும் நேபாள மொழி பேசும் பெண்களுடையவை. இலங்கையிலோ அவை நம் தமிழ்ப் பெண்களின் கைகள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்ட பின்னர், கங்காணிகளின் பின்னே கடல் கடந்த நம்மவர் அம்மலைகளைப் பசுமையாக்கினர்; லயங்களின் சிற்றறைகளில் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அவர்களின் கருத்தைக் கேட்டார் எவருமில்லை. அவ்வாறு திரும்பியோர்க்கு வேலையளிக்க 1968இல் நீலகிரியில் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. பிறந்த மண்ணை விட்டு வந்தவர் கைகளில் மீண்டும் அதே கொழுந்து!

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நாமும் ஒருவகையில் அவர்களுக்கு உறவினரே. நமக்குக் கிடைத்தது மேசையும் நாற்காலியும். அவர்களுக்குக் கிடைத்தது முதுகில் கூடையும் மலைச்சரிவும். வேற்றுமை அவ்வளவே.

ஆதலால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கோடை விடுமுறையில் நம் குடும்பங்கள் டார்ஜிலிங் சென்று ஒரு தோட்டத்தைக் கண்டு வரலாம். பிள்ளைகள் சுவைக்கக் கற்கட்டும். சுவைக்கும் முன்னர்ச் சரிவில் நிற்கும் பெண்ணிடம் அன்றைய கூலி என்ன, பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்று கேட்கவும் கற்கட்டும். டார்ஜிலிங் தேயிலையின் இலச்சினையைப் பாருங்கள்: கொழுந்து ஏந்திய ஒரு பெண்ணின் உருவம் அதிலே உள்ளது. அம்முகத்தை அறியாமல் குடிக்கும் தேநீர் பாதிச் சுவையே உடையது.