திரையில் இல்லாத கைதிகள்

(ஜார்ஜ்டவுனில் நடந்த திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்போது நாம் பார்த்த படம் 'தி ரயில்வே மேன்'. 2013-இல் வெளிவந்தது. சயாம்-பர்மா ரயில்பாதையில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எழுதிய சொந்த வரலாறு. ரகசியமாக வானொலிப் பெட்டி வைத்திருந்ததற்காக அவரை அடித்துக் கையை உடைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள். அந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் நாகாசே தகாஷி. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1993-இல், இருவரும் காஞ்சனாபுரியில் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டார், மற்றவர் மன்னித்தார்.

நல்ல படம். படம் முடிந்ததும் அரங்கத்தில் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டதைப் பார்த்தேன். தவறில்லை. மனிதன் பட்ட துன்பத்தில் வெள்ளையன், கறுப்பன் என்று பேதம் கிடையாது. ஆனால் ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் நான் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். லோமாக்ஸிடம் மன்னிப்புக் கேட்க ஒருவர் வந்தார். நம்மவர்களிடம் கேட்க யார் வந்தார்கள்? யாரிடம் போய்க் கேட்பது என்பதற்காவது ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறதா?

இந்த ரயில்பாதையைப் பற்றி உலகம் பரவலாக அறிந்துகொண்டது 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் மூலம்தான். ஏழு ஆஸ்கார் விருதுகள் வாங்கிய படம். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துள்கலையில். அந்தப் படத்தில் ஒரு முக்கியமான காட்சி உண்டு. ஜப்பானிய முகாம் தலைவர், அதிகாரிகளும் உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறார். பிரிட்டிஷ் கர்னல் சட்டைப்பையிலிருந்து ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, அது சட்ட விரோதம் என்கிறார். ஜப்பானியர் அந்தப் புத்தகத்தாலேயே அவர் முகத்தில் அடிக்கிறார்.

தோழர்களே, அந்தக் கர்னலுக்கு எடுத்துக் காட்ட ஒரு புத்தகமாவது இருந்தது. நம் தாத்தா கையில் என்ன இருந்தது?

1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் போர்க் கைதிகளுக்கானது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும், தக்க மாற்றங்களுடன் அதைப் பின்பற்றுவதாக 1942-இல் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கை மீறியதுதான் பின்னாளில் குற்றச்சாட்டாக வந்தது. பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழன் சீருடை போடவில்லை, துப்பாக்கி தூக்கவில்லை. ஆகவே அவன் போர்க் கைதி இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டு மக்களை வெளியே கடத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லும் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் 1949-இல்தான் வந்தது. அதற்குள் நம்மவர்களின் எலும்பு மண்ணோடு மண்ணாகிவிட்டது.

அப்படியானால் அன்று சட்டமே இல்லையா? இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்பு ஒப்பந்தத்தை ஜப்பான் 1932-இலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. சட்டம் இருந்தது. அதை நமக்காக எடுத்துப் பேச ஆள் இல்லை. நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

எப்படிக் கொண்டு போனார்கள் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து மற்றவர்கள் தயங்கினார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கிராணிகளிடம் கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்து, கொட்டகை நிரம்பியதும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றியதும் ஆய்வு நூல்களில் பதிவாகியிருக்கிறது. படம் பார்க்கப் போன நம்மவன் காணாமல் போனான். பிறகு உலகம் எடுத்த படத்திலும் அவன் இல்லை.

சரக்குப் பெட்டிகளில் அடைத்து பான் போங் வரை கொண்டு சென்றார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. சயாமின் பான் போங் முதல் பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்தன. அதற்கான தண்டவாளங்களில் ஒரு பகுதி நம் நாட்டின் கிழக்குக் கரை ரயில்பாதையிலிருந்து பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டது. ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து.

நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் இருந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75 ஆயிரம் பேர், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஆசியர்களில் இறந்தவர்கள் 90 ஆயிரம் வரை என்று ஒரு கணக்கு, அதற்கும் மேல் என்று இன்னொரு கணக்கு. வெள்ளையர் கணக்கு ஆள் ஆளாக இருக்கிறது. நம் கணக்கு பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறி இறங்குகிறது.

ஏன் இந்த வேறுபாடு? அடியும் பசியும் காலராவும் எல்லாருக்கும் பொது. ஆனால் போர்க் கைதிகள் ஒரு படையாக இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பதிவு இருந்தது. ஒருவன் இறந்தால் எங்கே புதைத்தோம் என்று குறித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துத் தோண்டி எடுத்து, காஞ்சனாபுரியில் ஏறக்குறைய 7 ஆயிரம் பேருக்குக் கல்லறை அமைத்தார்கள். நம்மவர்களோ குடும்பம் குடும்பமாக, கங்காணி கூடக் கைவிட்ட நிலையில், கொட்டும் மழையில், ஒழுகும் கொட்டகையில் கிடந்தார்கள். 1943-இல் காலரா பரவியபோது அவர்களுக்கென்று முறையான மருத்துவம் இல்லை. சாவு அளவுக்கு மீறிப் போன பிறகுதான் போர்க் கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார்கள். இறந்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை.

போருக்குப் பின் வழக்குகள் நடந்தன. இந்த ரயில்பாதைக் கொடுமைகளுக்காக 111 பேர் விசாரிக்கப்பட்டார்கள், 32 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1946 முதல் 1948 வரை பிரிட்டிஷார் நடத்திய போர்க்குற்ற வழக்குகள் மொத்தம் 131. அந்த நீதிமன்றங்களில் பெரும்பாலும் பேசப்பட்டது போர்க் கைதிகளின் துன்பம்தான். வழக்கு என்றால் சாட்சி வேண்டும், தேதி வேண்டும், இறந்தவரின் பெயர் வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரி நாட்குறிப்போடு வந்து நின்றார். தோட்டத்துக்குத் திரும்பிய நம்மவர் நீதிமன்றம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்.

அடுத்து இழப்பீடு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம், தூரக் கிழக்கில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர்களுக்குத் தலைக்கு 10 ஆயிரம் பவுண்டு கருணைத் தொகை அறிவித்தது. கூர்க்கா வீரர்களை அதில் சேர்க்கவில்லை. கூர்க்காக்கள் லண்டன் உயர்நீதிமன்றம் போனார்கள். 2002-இல் நீதிபதி அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பார்த்தீர்களா? ஒதுக்கப்பட்டவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. அவர்களிடம் படைப்பிரிவின் ஆவணம் இருந்தது. பினாங்கிலும் அன்றைய வெல்லெஸ்லி மாநிலத்திலும் பிறந்த தமிழன் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை, இது நேரடிக் காலனி. அந்தப் பிரஜை சயாமில் செத்ததற்கு லண்டன் ஒரு பவுண்டு கூடக் கொடுக்கவில்லை.

ஜப்பான் கொடுத்ததா? இங்கே ஒரு வதந்தியை உடைக்க வேண்டியிருக்கிறது. ஜப்பான் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுத்தது, அது மறைக்கப்பட்டது என்று நெடுநாளாக ஒரு பேச்சு உலவுகிறது. ஆவணத்தில் இருப்பது வேறு. 1967 செப்டம்பர் 21-இல் மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2 கோடியே 50 லட்சம் வெள்ளி பெறுமானம், அதுவும் ரொக்கமாக அல்ல, இரண்டு கப்பல்களாக. போர்க்காலத் துயரச் சம்பவங்கள் தொடர்பான எல்லாப் பிரச்சினைகளும் முழுமையாக, முடிவாகத் தீர்ந்துவிட்டதாக அதில் மலேசியா ஒப்புக்கொண்டது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவனின் விதவையை யாரும் கேட்கவில்லை. அவள் தாலியை அறுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் லயத்தில் காத்திருந்தவள். அவள் பெயரில் இரண்டு கப்பல் வாங்கிக் கணக்கு முடிக்கப்பட்டது.

அரசுகள் கையெழுத்திட்டால் தனி மனிதன் உரிமை செத்துவிடுமா? இது உலகம் முழுக்க நடக்கும் வாதம். தென்கொரிய உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில், சாகவில்லை என்று தீர்ப்பளித்தது. ஜப்பானிய உச்சநீதிமன்றம் 2007-இல் சீனத் தொழிலாளர் வழக்கில், நீதிமன்றம் மூலம் கேட்க முடியாது, ஆனால் நிறுவனம் தானாக முன்வந்து நிவாரணம் தரத் தடையில்லை என்றது. அந்த வழக்கில் தோற்ற தொழிலாளர்களுக்கே நிஷிமாட்சு நிறுவனம் 2009-இல் 25 கோடி யென் ஒதுக்கிச் சமரசம் செய்தது. 360 தொழிலாளர்களுக்கான தொகை அது. அவர்கள் பாடுபட்ட இடத்தில் நினைவுக் கல்லும் நடப்பட்டது. 360 என்று எப்படி எண்ண முடிந்தது? ஜப்பானுக்குக் கொண்டு போன சீனத் தொழிலாளர்களைப் பற்றி 1946-இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சே அறிக்கை தயாரித்தது. 38,935 பேர் என்று கணக்கு இருந்தது. பட்டியல் இருந்த இடத்தில் நீதிக்கு ஒரு வாசல் திறந்தது.

இனி நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டுகளாக நாமே ஏன் வாய் திறக்கவில்லை? ஒரு காரணத்தை மேடையில் யாரும் சொல்வதில்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். நம் தாய்மார்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், நம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அது நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதத்தில் அதே ஜப்பானியனின் பிரம்படியில் நம் ஆட்கள் சயாம் காட்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். சயாமுக்குப் பிடித்துப் போகாமல் தப்பிக்கவே இந்திய தேசியப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. பெருமையைச் சொன்ன வாய் இந்த அவலத்தைச் சொல்லக் கூசியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும்.

எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். 2014-இல் தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆவணப்படம் வந்தது. 2023-இல் காஞ்சனாபுரியில் தமிழர்களுக்கு நடுகல் நடப்பட்டது. நடுகல் வந்துவிட்டது, பெயர் இன்னும் வரவில்லை. பெயரைத் தர வேண்டியவர்கள் நாம்.

சிலர் கேட்கலாம், ஆண்டு எண்பது ஆயிற்றே, இனி பெயரைத் தேடி என்ன பயன் என்று. என் அலுவலகத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. இந்த நாட்டிலேயே பிறந்து, சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் வருகிறார்கள். பிறப்புப் பத்திரம் எங்கே, அப்பாவின் பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள், பதில் இல்லை. காகிதம் இல்லாத மனிதனைச் சட்டம் பார்ப்பதில்லை. அன்று சயாமில் நடந்ததும் இன்று கவுன்டரில் நடப்பதும் வேறு வேறு அளவில் அதே நோய்தான்.

ஆகவே மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார் என்று இந்த மாதமே விசாரியுங்கள். பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, கூடப் போனவர் யார், திரும்பினாரா என்பதை எழுதுங்கள். பெரியவர்களின் குரலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அன்று குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் போன பிறகு கேட்க ஆளில்லை.

இரண்டு. எழுதியதைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் வாக்குமூலமாகப் பதிவு செய்யுங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி தருகிறது. கேள்விப்பட்டது சாட்சியாகாது என்று யாராவது பயமுறுத்துவார்கள். பொது விதி அதுதான். ஆனால் இரத்த உறவு, திருமண உறவு பற்றி விவரம் அறிந்த ஒருவர், தகராறு எழும் முன்பே சொல்லி இறந்திருந்தால், 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அதற்கு விலக்கு அளிக்கிறது. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது 108ஆம் பிரிவு. பாட்டி சொன்ன சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மூன்று. சட்டம் படிக்கும், வரலாறு படிக்கும் நம் பிள்ளைகள் சிங்கப்பூர் வழக்குப் பதிவுகளைப் படிக்க வேண்டும். அவை இணையத்தில் கிடைக்கின்றன. லண்டன் ஆவணக் காப்பகத்தில் மூலக் கோப்புகள் உள்ளன. 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடைபட்டுக் கிடப்பவர்களை அந்தப் பக்கங்களிலிருந்து ஒவ்வொருவராக வெளியே கொண்டு வாருங்கள்.

பணம் கிடைக்குமா என்று கேட்டால், நான் பொய் வாக்குக் கொடுக்க மாட்டேன். 1967 ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. ஆனால் ஒப்புதல், மன்னிப்பு, பாடநூலில் இரண்டு பக்கம், நம் மண்ணில் பெயர் பொறித்த ஒரு கல் ஆகியவற்றைக் கேட்க எந்த ஒப்பந்தமும் தடையில்லை. பட்டியலோடு போய்க் கேட்போம்.

வெளியே மேசையில் படிவங்கள் வைத்திருக்கிறோம். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள், நிரப்பிக் கொண்டு வாருங்கள்.