சரிக்குச் சரி பேசும் காதல்



1934-ல் வந்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ படத்தில் நாயகி எல்லி பெரும் பணக்காரரின் மகள். தன் கல்யாணத்தை அப்பா ஏற்காததால், அவருடைய உல்லாசப் படகிலிருந்து கடலில் குதித்துத் தப்பி, நியூயார்க் போகப் பேருந்து ஏறுகிறாள். வேலை பறிபோன பத்திரிகை நிருபன் பீட்டர் வழியில் அவளுடன் சேர்ந்துகொள்கிறான். காசு தீர்ந்து இருவரும் சாலையோரம் நிற்கும்போது, கட்டைவிரலை எப்படிக் காட்டினால் கார் நிற்கும் என்று அவளுக்குப் பாடமே நடத்துகிறான். கார்கள் பறக்கின்றன; ஒன்றும் நிற்கவில்லை. அவள் இறங்கிவந்து பாவாடையைச் சற்றே உயர்த்துகிறாள். அடுத்த கார் கிறீச்சிட்டு நிற்கிறது!

ஹாலிவுட்டின் ‘ஸ்க்ரூபால் காமெடி’ எனும் இத்தகைய குறும்புக் காதல் நகைச்சுவைப் படங்கள் எனக்கு இத்தனை பிடிப்பது இதனால்தான். இவற்றில் பெண் யாருக்கும் இளைத்தவள் இல்லை. காதலர்கள் உருகுவதில்லை, வாதாடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், ஒருவரையொருவர் மடக்குகிறார்கள். அப்படித்தான் நெருங்குகிறார்கள்.

‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ வந்தது, அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லாத பெருமந்தக் காலத்தில். செல்வச் சீமாட்டி ஒருத்தி, முதலில் வேண்டாமென்று ஒதுக்கிய பச்சை கேரட்டைப் பசி தாங்காமல் கடிப்பதைப் பார்க்க, டிக்கெட் வாங்கியவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஃபிராங்க் காப்ரா இயக்கிய இந்தப் படம், சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து ஆஸ்கர்களையும் அள்ளியது. நம் ஏவி.எம். நிறுவனம் 1956-ல் ராஜ்கபூர், நர்கிஸை வைத்து இந்தியில் எடுத்த ‘சோரி சோரி’ இதே கதைதான்.

ஆனால் என் மனசுக்கு இன்னும் நெருக்கமானது, 1940-ல் ஹோவர்டு ஹாக்ஸ் எடுத்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’. இதன் மூலமான நாடகத்தில் பத்திரிகை ஆசிரியர், நிருபர் இருவருமே ஆண்கள். ஹாக்ஸ் நிருபரைப் பெண்ணாக்கி, ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கிவிட்டார். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்கிவிடும் அந்தப் பேச்சு வேகம் இன்றும் மூச்சுமுட்ட வைக்கிறது. அவள் வேறொருவரை மணக்கப் போகிறாள். அவனோ அவளை இழக்கத் தயாரில்லை. அழகைப் புகழ்ந்து கெஞ்சுவதில்லை. பரபரப்பான ஒரு செய்தியை அவள் கையில் கொடுத்து, அதை எழுத அவளைவிட ஆளில்லை என்கிறான். ஒரு பெண்ணின் திறமையை இத்தனை ஆசையோடு பார்க்கும் காதல் படங்கள் இன்றும் குறைவு.

முதலில் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ பாருங்கள். கறுப்பு வெள்ளை என்று தயங்காதீர்கள். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யை மட்டும் சப்டைட்டிலோடு பாருங்கள். இல்லையென்றால் பாதி வசனம் தப்பிவிடும்.