செல்போனில் பாடம், சாலையில் பழக்கம்

(சாந்த்ராகாச்சியில் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, வாடகை, ரேஷன் என்று பேசும் இந்த மேடையில் இன்று வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் உழைப்பாளி வீட்டுப் பிரச்சினைதான். 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312; மாண்டவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் அறிக்கை சொல்லும் கணக்கு இது. மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் உள்ளவர்கள்; அதாவது வீட்டுக்குச் சோறு போடும் வயதினர். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து பிழைக்கும் நம் வீட்டில் ஒரு பிள்ளை விழுந்தால், ஓடி வர மாமன் மச்சான் பக்கத்தில் இல்லை.

நாம் வாழும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் கோனா எக்ஸ்பிரஸ்வே. 1992-ல் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தை நெடுஞ்சாலையோடு இணைக்கும் சாலை அது. சரக்கு லாரி, வெளியூர் பஸ், டோட்டோ, மூட்டையோடு ரயிலுக்கு ஓடும் மனிதர் எல்லோரும் அங்கேதான். நம் பிள்ளைகள் வேலைக்குப் போவதும் அதே வழியில்தான்.

இப்போது சாலைப் பாடம் செல்போனுக்கே வந்துவிட்டது. 2021 மார்ச்சில் மத்திய அரசு, ஆதாரைக் கொண்டு அலுவலகம் போகாமலே பெறக்கூடிய 18 சேவைகளை அறிவித்தது. எல்.எல்.ஆர். அதில் ஒன்று. 'சாரதி' இணையதளத்தில் சாலைப் பாதுகாப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, கேள்விகளுக்கு விடை அளிக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து அலுவலக வாசலில் நிற்க வேண்டாம் என்றால் அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் படத்தை ஓடவிட்டுப் பையன் டீக்கடைக்குப் போனால் என்ன பயன்? விடையைப் புரோக்கர் அழுத்தினால் யார் படித்ததாகக் கணக்கு? காசு கொடுத்து வாங்கிய தேர்ச்சி லாரிச் சக்கரத்தின் முன் நிற்காது.

செல்போன் கற்றுத் தருவது விதியையும் கணக்கையும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கை நினைப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடுகிறது. லாரியின் இடப்பக்கம் ஒட்டி வருகிறவனை லாரிக்காரர் பார்க்க முடியாது. அவர் முகம் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. இவற்றைப் படத்தில் கற்கலாம். கைக்கும் காலுக்கும் வரவேண்டிய பழக்கமோ சாலையில்தான் வரும்.

அரசே இதை ஒப்புக்கொள்கிறது. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பயிற்சி மைய விதிகளின்படி, கார் போன்ற இலகு வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சி. அதில் 21 மணி நேரம் ஓட்டிப் பழகுவது. அப்படியானால் நாம் கேட்கிறோம்: அந்த 21 மணி நேரத்துக்குக் கூலிக்காரன் மகன் எங்கே போவான்? கட்டணம் யார் கட்டுவார்? பணக்காரன் பிள்ளைக்குப் பயிற்சி மையம், ஏழைப் பிள்ளைக்கு வெறும் படம் என்பது நியாயமா? தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சியும், புரிகிற மொழியில் பாடமும் வேண்டும் என்று கோருவோம்.

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்கவும் கூடாது. வாரம் ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படத்தைப் போடுவோம். இந்தியோ வங்காளமோ தெரிந்தவர் தமிழில் சொல்லட்டும். ஒரு வாரத்துக்கு ஒரே பழக்கம். ஞாயிறு காலை, வண்டி நடமாட்டம் குறைந்த தெருவில், 'எல்' பலகை மாட்டி, லைசென்ஸ் உள்ள அனுபவசாலியோடு அதைப் பழகட்டும். எக்ஸ்பிரஸ்வே கடைசிப் பாடமாக இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. 2019 சட்டத் திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டிக்காரருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும்; அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பாசத்தில் கொடுக்கும் சாவி குடும்பத்தையே கவிழ்க்கும்.

இன்னொன்று. தலைக்கவசம் அணியாமல் 2022-ல் மாண்டவர்கள் 50,029 பேர். அப்பா அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓட்டுவதைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை பார்க்கிறது. அதன் முதல் சாலைப் பாடம் அதுதான். நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது தோழர்கள் அதை நினைவில் வையுங்கள்.