காவலும் விருப்பமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அமைந்தது வவுணதீவு. வயலும் நீரும் சூழ்ந்த அப்பகுதியில், எண்பது வயது கடந்த முதியவர் ஒருவர் தோணியேறி வலை வீச விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் மங்கிவிட்டது, கால் தளர்ந்துவிட்டது. இருட்டினால் காட்டு யானையும் வரக்கூடும். "வேண்டாம், அப்பா" என்று மகள் தடுக்கிறாள். அவளுடைய அச்சம் நியாயமானதே.

ஆயினும் தடுப்பது மட்டுமே காவலாகிவிடாது. திண்ணையிலேயே இருத்தப்பட்டவரின் தசைகள் மேலும் மெலியும். விழுந்துவிடுவாரோ என்று அஞ்சியது அதனாலேயே மெய்யாகலாம். தம் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்ற துயரமோ அதனினும் கொடிது.

பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என இலங்கையின் 2000ஆம் ஆண்டு முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஏற்றுக்கொண்ட முதியோர் கோட்பாடுகள், பராமரிப்போடு சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் சேர்த்தே கூறுகின்றன. பராமரிக்கும் கடமை, ஆளும் உரிமையாகிவிடாது என்பதே இவற்றால் நாம் பெறும் தெளிவு.

ஆகவே மகள் செய்யத்தக்கது யாது? முதலில் தந்தையாரைக் கேட்கவேண்டும். அவர் விழைவது மீனையா, நீரையா, பழைய தோழரின் கூட்டையா? தோணியில் பேரன் உடன் செல்லலாம். மிதவை அங்கி அணியலாம். பொழுது சாயுமுன் திரும்பலாம். வாடைக் காற்றுக் காலத்தில் கரையில் நின்றே வலை வீசலாம்.

நினைவு குழம்பியவராயின் காவல் கூடத்தான் வேண்டும். அப்பொழுதும் எதை உண்பது, எதை உடுப்பது என்பனவற்றை அவரிடமே கேட்கலாம்.

முதுமை உடலின் வலிமையைக் குறைக்கும். முடிவு செய்யும் உரிமையை அது குறைப்பதில்லை. இதனை மனத்திற்கொண்டு நம் இல்லத்து மூத்தோருடன் கலந்து பேசுவோமாக.