வடியாமல் நின்ற தண்ணீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கனடாவில் என்னப்பா வேலை?" என்று காலையிலிருந்து பலரும் கேட்டுவிட்டார்கள். ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஒரு படகுப் பட்டறையில் இன்ஜினியராக இருக்கிறேன். அக்டோபர் வந்தால் எனக்கு முக்கிய வேலை, படகிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது. ஓட்டை வழியாகப் புகுந்த தண்ணீர் அல்ல. குடிக்கவும் குளிக்கவும் படகிலேயே வைத்திருக்கும் தண்ணீர். சிரிக்கிறீர்கள். நமக்குப் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தானே! கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டால் வேலை முடிந்தது.

அங்கே படகு என்பது ஒரு சின்ன வீடு. தொட்டி, பம்ப், வெந்நீர் கீசர், சமையலறைக் குழாய், ஷவர், கழிப்பறை எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். அதனால் படகைக் கிரேனில் தூக்கி, வசந்தம் வரும்வரை கரையில் நிறுத்திவிடுவார்கள். 100 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 109 லிட்டர் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் பம்பின் தலையையோ கீசரையோ பிளந்துவிடும். பிளந்தது அப்போது தெரியாது. ஏப்ரலில் சுவிட்சைப் போடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே முதலில் தொட்டியைக் காலி செய்வோம். கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, அதைத் தனியே வடித்து, பைபாஸ் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய மருந்தெல்லாம் கீசரை நிரப்பவே சரியாகப் போய்விடும். மருந்து என்றால் புரொப்பிலீன் கிளைக்கால். இளஞ்சிவப்பாக இருக்கும். பம்பின் உறிஞ்சு குழாயை அந்தக் கேனில் விட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சிவப்பு வரும்வரை ஓடவிட வேண்டும். குளிர்நீர்ப் பக்கம், வெந்நீர்ப் பக்கம் இரண்டும். நிறத்தை மட்டும் நம்பி கார் கூலன்ட்டை ஊற்றிவிடக்கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தையே கெடுக்கும் விஷம்.

"காற்றடித்து வெளியேற்றினால் போதாதா?" என்று ஒரு மாணவர் மதிய உணவின்போது கேட்டார். நல்ல கேள்வி. தொய்ந்து கிடக்கும் குழாயில் காற்று மேலாகப் போய்விடும், பள்ளத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும். குழாய் வாயில் சொட்டு வரவில்லையே என்று நாமும் மூடிவிடுவோம்.

சொட்டு வரவில்லை என்ற இந்த இடத்தில்தான் நான் ஒரு தடவை தோற்றேன். அது கனடாவில் அல்ல. இங்கே, இந்தக் கல்லூரி விடுதியில்.

இங்கிருப்பவர்களில் பலர் லாரி வீட்டுப் பிள்ளைகள். நானும் அப்படித்தான். 2009 ஜனவரி, நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அப்பா எங்கள் ஒரே லாரியை ஸ்ரீநகருக்கு ஓட்டிப் போயிருந்தார். பனி விழுந்து ரோடு மூடிவிட, பனிஹாலுக்கு இந்தப் பக்கமே வரிசையில் நின்றுவிட்டார். இப்போதிருக்கும் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் 2021-ல் வந்தது. அன்றைக்கு மேலே உள்ள பழைய ஜவஹர் சுரங்கம்தான் வழி. எஸ்.டி.டி. பூத்திலிருந்து விடுதிக்குப் போன் செய்தார்.

"ரேடியேட்டரைத் திறந்துட்டேன் கண்ணு, கொட்டிருச்சு. இன்ஜின் பிளாக்குல ஒரு குழாய் இருக்குதில்ல, அதத் திறந்தா ஒண்ணும் வரமாட்டீங்குது. என்ன பண்றது?"

மறுநாள் எனக்கு இன்டர்னல் தேர்வு. "வரலைன்னா காலின்னுதானுங்கப்பா அர்த்தம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

காலி இல்லை. எங்கள் தோட்டத்து போர்த் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றிய இன்ஜின் அது. நாமக்கல் பக்கத்து உப்புத் தண்ணீர் வீட்டுப் பாத்திரத்தையே எப்படி வெள்ளையாக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த உப்பும் துருவும் சேர்ந்து வடிகுழாயின் வாயை உள்ளே அடைத்திருந்தது. ஒரு கம்பியை விட்டுக் குத்தியிருந்தால் கொட்டியிருக்கும். காலையில் பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல்.

பிளாக் மாற்றி லாரி ஊர் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அப்பா கேட்டவர்களிடமெல்லாம் "குளிருங்க, என்ன பண்றது" என்று மட்டும் சொன்னார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் விட்டேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, இந்த மேடையில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

இப்போது என் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்கள் "வடித்துவிட்டோம்" என்று சொன்னால், எத்தனை லிட்டர் வந்தது என்று கேட்பேன். கீசர் கொள்வது 23 லிட்டர் என்றால் வாளியில் ஏறக்குறைய 23 இருக்க வேண்டும். 15 இருந்தால் மீதி எங்கே? இதைக் கேட்பதால் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்களாம்.

போன வருஷம் அப்பா எங்களிடம் வந்திருந்தார். அக்டோபரில் ஒரு படகுக்கு அழைத்துப் போனேன். கீசரின் வடிகுழாயைத் திறந்தேன். நூலாக ஒழுகி நின்றுவிட்டது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "கம்பி வச்சிருக்கறயா கண்ணு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவரே குத்தினார்.

நம் ஒர்க்ஷாப்பில் பழைய லாரி இன்ஜின் ஒன்று இன்னும் இருப்பதாக ஆசிரியர் சொன்னார். தேநீர் இடைவேளையில் அங்கே இருப்பேன். பிளாக்கின் வடிகுழாய் எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்பும் மாணவர்கள் வாருங்கள்.