பறித்த பின்னும் மூச்சுண்டு

(மகாவீரர் ஜெயந்தி விழாவுக்கு முதல்நாள் மாலை சங்கராபுரத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று காய்கறியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டா, அதற்கொரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இதே விழாவின் அன்னதானத்திற்குக் காய்கறி வாங்கும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றேன். கடும் வெயிற்காலம். முதல்நாள் காலையிலேயே கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக வாங்கிவிட்டேன். வாடிவிடுமோ என்றஞ்சி நீர் தெளித்து, பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி, ஓர் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டினேன். மறுநாள் அவிழ்த்தபோது கீரை கறுத்துக் கூழாகியிருந்தது. வெண்டை பிசுபிசுத்தது. அடியிலிருந்த தக்காளி நசுங்கி ஒழுகியது. ஒரு மூட்டைக்குக் குறையாமல் குப்பைக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த என் பெரியம்மா கடிந்துகொள்ளவில்லை. “இதற்காகவா தம்பி இத்தனையும் பறிக்கச் சொன்னாய்?” என்று மட்டும் கேட்டார்.

தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்ததை முப்பதாண்டுக் காலம் வகுப்பில் நடத்தியவன் நான். நம் சமயமும் தாவரத்தை ஓரறிவுயிர் என்றே கொள்கிறது. இல்லறத்தார் அவ்வுயிரை முற்றிலும் விலக்க இயலாது என்பதால் உணவுக்கு வேண்டிய அளவில் கொள்கிறோம். கொண்டதை உண்ணாமல் அழுகவிட்டால்? அழுகலில் புழுவும் பூச்சியும் பெருகி, கழுவித் தள்ளும்போது அவையும் மடிகின்றன. பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடம் அன்று விடையில்லை. பிறகுதான் படித்தேன், கேட்டும் அறிந்தேன்.

செடியிலிருந்து பறித்த பின்னும் காய் மூச்சு விடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவிட்டு, வெப்பத்தையும் நீராவியையும் வெளியிடுகிறது. இறுகக் கட்டிய பைக்குள் அந்த வெப்பமும் ஈரமும் போக வழியில்லாமல் தங்கின. நான் தெளித்த நீரும் சேர்ந்தது. அழுகலுக்கு நானே தொட்டில் கட்டியிருந்தேன்.

அப்படியாயின் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாமே என்பீர்கள். வீட்டுப் பெட்டியின் உள்ளே ஏறத்தாழ 4 பாகை செல்சியசு குளிர் இருக்கும். கீரைக்கு அது நன்று. கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளைக் களைந்து, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தால் சில நாள் தாங்கும். கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் அவ்வாறே. ஆனால் கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகியவை வெப்பநிலத்துப் பிள்ளைகள். 10 பாகைக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், உட்சதை பழுப்பேறும். அவற்றை ஓரிரு நாளில் சமைத்துவிடுவதே முறை. தக்காளியோ குளிரில் தன் மணத்தை இழந்துவிடுகிறது. நிழலில், காம்புப்பக்கம் கீழாகப் பரப்பி வையுங்கள். பழுக்கும் வாழை, மாம்பழம், தக்காளி ஆகியவற்றிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படும். அது பக்கத்திலுள்ள கீரையையும் வெள்ளரியையும் விரைவில் மஞ்சளாக்கும். இரண்டையும் ஒரே கூடையில் வைக்கலாகாது. (வார இதழ்க் குறிப்புகளில் பாதி இடத்தை உருளையும் வெங்காயமும் பிடித்துக்கொள்ளும். அவற்றை விலக்கியோர்க்கு அந்தக் கவலையும் மிச்சம்.)

என் தாயார் வீட்டில் பெட்டி ஏது? தண்ணீர்ப் பானையின் அடியில் மணல் பரப்பியிருக்கும். பானையில் கசியும் நீரால் அது எப்போதும் ஈரமாயிருக்கும். மாலையில் வாங்கிய கீரையை ஈரத்துணியில் சுற்றி அம்மணல்மேல் கிடத்துவார், காலையில் தளதளவென்றிருக்கும். நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதே இதன் அறிவியல். 1980களில் டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதே நெறியில் மின்சாரமில்லாக் குளிர்த்தொட்டியை வகுத்தது. செங்கல்லால் இரட்டைச் சுவர், இடையில் 7.5 சென்டிமீட்டர் மணல். நாள்தோறும் அம்மணலை நனைத்து, மேலே நிழற்பந்தல் இட்டால் போதும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் பானைக்குள் பானை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பி ஏழை உழவர்க்குப் பரப்பினார். ஆசிரியர் ஒருவர் செய்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நம் ஊர்க் கோடையில் இது நன்கு பயன்படும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாயிருப்பதால் பயன் குறைவு. நமக்கு மற்றொரு கவனமும் வேண்டும்: வடிகட்டிய நீரையே ஊற்றுக; ஈரமணலில் சிற்றுயிர்கள் குடிபுகுமுன் அடிக்கடி எடுத்து வெயிலில் உலர்த்தி மாற்றுக.

பூசணியும் பரங்கியும் இவ்வளவு உபசாரம் கேட்பதில்லை. காம்போடு, அடிபடாமல், வைக்கோல்மேலோ உறியிலோ வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சாம்பற்பூசணியின் வெண்பூச்சைத் துடைத்துவிடாதீர்கள். அதுவே அதன் கவசம். அட்டமி, சதுர்த்தசியில் பச்சைக் காய் தவிர்ப்போர் வீடுகளில் சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்கள் உண்டு. இவ்வெயிலிலேயே நன்கு உலர்த்தி, மழைக்குமுன் சாடியில் மூடிவிடுங்கள். ஈரம் பட்ட வற்றல் பூசணம் பூக்கும்.

இத்தனையும் சொன்ன பின்னும் பெட்டியை நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நிலபுலன்களுக்கும் நகைகளுக்கும் உரியதென்றே நினைத்திருந்தேன். மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து கிலோ வாங்கி மூன்று கிலோவை எறிவதும் அதனுள் அடங்கும் என்று இப்போது கருதுகிறேன். எங்கள் வீட்டில் இன்று இருவரே. இரண்டு நாளுக்கு மேல் காய் வாங்குவதில்லை.

நாளைய அன்னதானத்திற்குரிய பூசணிகள் பத்து நாளாக மண்டபத்தின் பின்னறையில் வைக்கோல்மேல் கிடக்கின்றன. கத்தரியும் கீரையும் நாளை விடியலில்தான் வரும். மூங்கிற் கூடையில், கட்டில்லாமல். கத்தரிக்காயைப் பிளந்து புழு பார்த்து நறுக்க வேண்டியிருப்பதால் விளக்கொளி போதாது. கதிரவன் எழுந்த பின் தொடங்குவோம். இயன்றவர்கள் அரிவாள்மனையோடு வாருங்கள். என் பெரியம்மா முன்வரிசையில் இருப்பார்.